துப்பறியும் நாவலுக்கு ஒரு சிறப்புப் பாயிரம்



1894ஆம் ஆண்டில் தமிழில் இரண்டு நூல்கள் அச்சேறின. ஒன்று, உ.வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த புறநானூறு. மற்றொன்று, பண்டித நடேச சாஸ்திரியார் எழுதிய 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்'. முன்னதை அறியாத தமிழ் மாணவர் இலர். பின்னதன் பெயரைக் கேட்டறிந்தவர் இவ்வவையிலும் சிலரே இருத்தல் கூடும். தமிழில் துப்பறியும் கதைக்குத் தொடக்கமாக ஆய்வாளர் சுட்டும் நூல் அதுவே.

இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே சுட்டவேண்டும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை யாது, துறை யாது என்னும் குறிப்புகள் நிற்கின்றன. அவற்றை எழுதியவர் எவரென்று தெரியவில்லை. ஆயினும் அக்குறிப்புகள் இல்லையெனில் ஔவைக்கும் அதியமானுக்கும் இருந்த நட்பைப் பற்றித் தமிழர் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இல்லாமற்போகும். பாட்டைக் காத்தவர் ஒருவர். பாட்டுக்கு முகவரி எழுதி வைத்தவர் மற்றொருவர். தானவனுக்குப் பின் வந்த நூற்றுமுப்பது ஆண்டுத் துப்பறியும் நூல்களுக்கு அத்தகைய முகவரி எழுதியவர் மிகச் சிலரே.

அந்நூல்கள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் நோக்க வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருவழக்காக வாசிக்கப்பெற்றனர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் பதிப்பின்மேற் பதிப்பாக வந்தது. பின்னர் தேவனின் சாம்புவும், தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் வந்தனர். மாத நாவல்களின் வெள்ளம் அதன்பின் வந்தது. ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவராகக் குறிக்கப்பெறும் ராஜேஷ்குமார் அவ்வெள்ளத்தின் பெரும்புள்ளி. இத்தனை அச்சுத்தாளும் எங்கே போயிற்று? கல்லூரி நூலகங்கள் இவற்றை வாங்கவில்லை. வாடகை நூல்நிலையங்கள் வாங்கின. ஆனால் அவை காப்பதற்காக வாங்கவில்லை, தேய்ப்பதற்காக வாங்கின. ஒரு பிரதி அட்டை கிழிந்து, மறுபடி பைண்டு செய்யப்பெற்று, மீண்டும் கிழிந்து, முடிவில் எடைக்குப் போயிற்று. சென்னையில் பழைய நூல் தேடுவோரின் புகலிடமாயிருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. எஞ்சியவை எஞ்சியிருப்பது பெரும்பாலும் தனிமனிதர் வீடுகளிலேதான். பரணிலும், இரும்பு அலமாரியிலும், கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியிலும் ஆர்வலர் சிலர் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கின்றனர். அவர்களுள் பலர் முதியோர்.

தனியார் சேகரிப்பு ஒன்று எப்படித் தப்பிப் பிழைக்கும் என்பதற்கு ரோஜா முத்தையாவின் நூலகமே சான்று. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்து, பின் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த அவர், நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்தார். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அவர் வடிகட்டவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகம் 1994இல் அவற்றை வாங்கி, நாடு கடத்தாமல் சென்னையிலேயே வைத்துப் பட்டியலிடச் செய்தது. 1996இல் அது ஆய்வு நூலகமாகத் திறக்கப்பெற்றது. விலை கொடுத்து வாங்கியதால் மட்டும் அந்நூலகம் பிழைத்தது என்பது அரை உண்மையே. ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு பதிவு எழுதப்பெற்றதனால் அது பிழைத்தது. பதிவு இல்லாத நூல் அலமாரியில் இருந்தாலும் இல்லாததே. கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்க இயலாது.

துப்பறியும் நூல்களை மட்டுமே சேர்த்துப் பட்டியலிடுவது பிறநாட்டில் நெடுநாளைய வழக்கம். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனும் அவர் தோழி டோரதி குளோவரும் விக்டோரியா காலத்துத் துப்பறியும் நூல்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தனர். 1966இல் அச்சேகரிப்பின் பட்டியலே தனி நூலாக வெளிவந்தது. 'உயர்ந்த' இலக்கியவாணர் ஒருவர் தம் பெயரை அப்பட்டியலின் முகப்பில் இடக் கூசவில்லை என்பது தமிழ்ச் சூழலில் ஊன்றிக் கருதத்தக்கது. அமெரிக்கரான ஆலன் ஹூபின் இன்னும் ஒருபடி மேலே சென்றார். அவர் தம் வீட்டில் சேர்த்த பல்லாயிரம் நூல்களை வைத்துக்கொண்டு, 1749 முதல் 1975 வரையிலான ஆங்கிலக் குற்றப் புனைகதைகளுக்கு 1979இல் ஒரு பெரும் நூலடைவை வெளியிட்டார். அவ்வடைவில் ஒரு சிறு கோடு வரும். குற்றம் இலேசாக மட்டும் தலைகாட்டும் நூலின் பெயருக்கு முன் அக்கோட்டை இடுவது அவர் வழக்கம். 'இது இவ்வினமா, அன்றா' என்று நெடுநேரம் வழக்காடாமல், நூலை உள்ளே சேர்த்து, ஐயத்தை ஒரு கோட்டால் காட்டிவிடுவது அம்முறை.

இதற்கு மாறான முறையும் உண்டு. ழாக் பார்சனும் வெண்டல் ஹெர்ட்டிக் டெய்லரும் 1971இல் வெளியிட்ட குற்றநூல் அடைவில் ஒவ்வொரு நூலுக்கும் தீர்ப்பு இருக்கும்: நன்று, தீது, வாசிக்க வேண்டா. சுவைமிக்க நூல் அது. ஆனால் அதனைப் பின்பற்றித் தமிழில் பட்டியல் செய்யப் புகுவது இப்போதைக்குத் தகாது. எந்த நூல் இருக்கிறது என்றே தெரியாத நிலையில் எந்த நூல் நல்லது என்று சொல்வது, பந்திக்கு இலை போடுமுன் பாயசத்தைக் குறைசொல்வது போன்றது.

தமிழில் இப்பணிக்கு இலக்கணம் தேடி வெளியே போகவேண்டுவதில்லை. நன்னூல் சிறப்புப் பாயிரத்திற்கு வகுத்த இலக்கணமே போதும். நூலைச் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்பதற்குரியோர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் என மேலும் மூன்று. ஆகப் பதினொன்று. நூலகத்துப் பட்டியல் அட்டையில் மேலை நாட்டார் கேட்பனவற்றுள் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். அவர்கள் கேளாத சிலவும் இதில் உண்டு. துப்பறியும் நாவல்களுக்கு அவற்றின் காலத்தில் எவரும் சிறப்புப் பாயிரம் பாடவில்லை. பட்டியல் எழுதுபவர் காலந்தாழ்ந்து அதனை உரைநடையில், ஒரு சிறு அட்டையில் எழுதுகிறார்.

செய்தவர் பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. தமிழ்த் துப்பறியும் நூல் வரலாற்றில் மூன்று ரங்கராஜர்கள் எதிர்ப்படுவர். ஒருவர் ஜே.ஆர். ரங்கராஜு. அடுத்தவர் குமுதம் இதழின் ரா.கி. ரங்கராஜன். மூன்றாமவர் எஸ். ரங்கராஜன், இரண்டாமவரோடு குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டு சுஜாதா ஆனவர். இவ்வளவோடு முடிந்தால் நல்லது. ரா.கி. ரங்கராஜன் சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, முள்றி, அவிட்டம், டி. துரைசாமி எனப் பல பெயர்களில் எழுதினார். கடைசிப் பெயரைக் கண்ட பட்டியலாளர் அவசரப்பட்டால் அந்நூலைக் கொண்டுபோய் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் வரிசையில் நிறுத்திவிடுவார். சுபா என்னும் பெயரோ சுரேஷ், பாலகிருஷ்ணன் என்னும் இருவருக்கு ஒரு முகம். ஒருவருக்குப் பல பெயர், இருவருக்கு ஒரு பெயர், மூவருக்கு ஒரே போன்ற பெயர் என மூன்று வகை முடிச்சும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

இம்முடிச்சை அவிழ்க்கும் ஆர்வத்தில் எல்லாப் புனைபெயர்களையும் இயற்பெயரின் கீழ் ஒன்றாகக் கொட்டிவிடுவது பிழை. புஷ்பா தங்கதுரையும் ஸ்ரீ வேணுகோபாலனும் ஒரே மனிதரே. முன்னவர் குற்றக் கதைகளும் விறுவிறுப்பு நாவல்களும் எழுதினார். பின்னவர் திருவரங்கத்து அரங்கனின் வரலாற்றைத் திருவரங்கன் உலாவாக எழுதினார். இரு பெயர்களையும் அவர் ஒரு காரணத்தோடுதான் பிரித்து வைத்தார். வாசகரும் அவ்வாறே இரண்டு மனிதராக ஏற்றனர். பிரிந்து நிற்கும் இத்தகைய பெயர்களைப் பிரித்தே பதியலாம், இடையில் ஒரு சுட்டுக் குறிப்பு இருந்தால் போதும் என்பதை ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் ஒத்துக்கொண்டது. அவ்வகைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒரு கவிஞர். இவ்வவைக்கு அது இனிக்கும். சிசில் டே லூயிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர், வீட்டுக் கூரை ஒழுகியதைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டி, 1935இல் நிக்கோலஸ் பிளேக் என்னும் பெயரில் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். கூரை அடைபட்ட பின்னும் பிளேக் நிற்கவில்லை. கவிஞர் 1968இல் அரசவைக் கவிஞரானார். பிளேக்கும் அதே ஆண்டுகளில் கொலை செய்துகொண்டிருந்தார், தாளில்.

பெயரை எந்த எழுத்தில் தொடங்கி வரிசையிடுவது என்பது அடுத்த வினா. குடும்பப் பெயரை முன்னிறுத்தும் மேலை விதியை அப்படியே ஏற்றால் ஐயங்கார்கள் ஓரிடத்திலும் முதலியார்கள் ஓரிடத்திலும் போய் நிற்பர். நூலகம் சாதிச் சங்கத்தின் உறுப்பினர் ஏடாகிவிடும். துரைசாமி என்பதே பெயர், வடுவூர் ஊர், ஐயங்கார் பின்னொட்டு. பெயரின் கீழ் வைத்து, மற்றவற்றைத் தொடர எழுதுவதே தமிழ் வழக்குக்கு ஒத்தது.

நூற்பெயரிலும் இதே தொல்லை. ரகர முதன்மொழிக்கு முன் இகரம் சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும் பதிப்பாளர் விருப்பம். ஆகவே ராஜாம்பாளே இராஜாம்பாளாகவும் வருவாள். அகரவரிசையில் ஒருத்தி முன்னும் ஒருத்தி வெகு தொலைவிலும் நிற்பர். ஒரே நூல் இரண்டாக எண்ணப்படும். இதனைத் தவிர்க்க ஒரு வடிவை வரிசைக்குத் தேர்ந்து, அட்டையிலோ நூலின் முகப்பேட்டில் உள்ளது உள்ளபடியே எழுதவேண்டும். அக்காலத்து 'அல்லது' என்னும் சொல்லையும் விடலாகாது. ராஜம் ஐயர் தம் நாவலுக்கு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று பெயரிட்டார். வாசகர் பின்பாதியை மட்டும் நினைவில் கொண்டனர். முன்பாதியைக் கேட்டு வருபவருக்கும் வழி வேண்டும். அந்நாவலில் திருட்டும் உண்டு, திருடனும் உண்டு. துப்பறியும் சேகரிப்பு ஒன்றில் அது காணப்பட்டால் நீக்கிவிடாமல் ஹூபினின் சிறு கோட்டை இட்டு வைக்கலாம்.

வழி என்பது பாயிர உறுப்புகளுள் துப்பறியும் நாவலுக்கு மிகவும் சுடுவது. ஆரணியார் ரெயினால்ட்சு முதலியோரின் ஆங்கில நாவல்களைத் தழுவினார். வடுவூராரிடமும் தழுவல் உண்டு. பலர் முதல்நூலின் பெயரைச் சொல்லவே இல்லை. இதனைக் கண்டு முகம் சுளிப்போர் தொல்காப்பிய மரபியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. மொழிபெயர்ப்பையும் வழிநூலின் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தவர் அவர். தழுவியது குற்றமன்று, வழியை மறைத்ததே குறை. அக்குறையைப் பட்டியலாளர் நீக்க இயலும். ஆனால் 'இது இன்ன ஆங்கில நாவலைப் போல் இருக்கிறது' என்னும் தோற்றத்தை உறுதியென எழுதிவிடக் கூடாது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்த பின்னரே முதல்நூலின் பெயரை இடவேண்டும். அதுவரை அவ்விடம் வெறுமையாக இருக்கட்டும். மேடைக்கும் திரைக்கும் போன வழியையும் சேர்த்தே எழுதலாம். வடுவூராரின் மேனகா 1935இல் திரைப்படமாயிற்று. கும்பகோணம் வக்கீல், மாடர்ன் தியேட்டர்சு தயாரிப்பில் திகம்பர சாமியார் என்னும் பெயரோடு 1950இல் வந்தது. படத்தின் பெயரைச் சொல்லி நாவலைக் கேட்பவர் உண்டு.

காலம் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். பட்டியலாளரை மிகவும் அலைக்கழிப்பது இதுவே. இன்பம் தருவதும் இதுவே. மலிவுப் பதிப்புகளில் ஆண்டு அச்சிடப்படாதது வழக்கம். அச்சிடப்பட்டாலும் சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வருவதால் 'கீலக' என்றிருந்தால் 1908ஆகவும் இருக்கலாம், 1968ஆகவும் இருக்கலாம். அப்போது கண் விலையின்மேற் செல்லவேண்டும். விலை அணாவில் இருந்தால் பிந்தைய கீலகம் அன்று. ஏனெனில் 1957 ஏப்ரல் முதல் நாளில் தசம நாணயம் வந்தது. நயா பைசா என்றிருந்தால் நூல் பெரும்பாலும் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. பின்னர் 'நயா' உதிர்ந்து பைசா மட்டும் நின்றது. பதிப்பகத்தின் முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிற்பட்டது. அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது. லை, னை முதலியவற்றில் ஐகாரம் யானைத் துதிக்கைபோல் வளைந்திருப்பின் அதற்கு முற்பட்டதெனக் கொள்ளத் தோன்றும். இங்குச் சற்றே எச்சரிக்கை வேண்டும். கையால் எழுத்துக் கோத்த அச்சகங்கள் தம்மிடமிருந்த ஈய எழுத்துகளை அரசாணை வந்த மறுநாளே உருக்கிவிடவில்லை. துதிக்கை தனியே சாட்சி சொல்லாது. விலையும் முகவரியும் உடன் வந்து சொன்னால் ஏற்கலாம்.

இவ்வாறு உய்த்துணர்ந்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவது நூலகத்தார் மரபு. நூலிற் கண்டது வெளியே. பட்டியலாளர் கருதியது அடைப்புக்குள். சுவடிப் பதிப்பாளர் பாடத்தையும் தம் ஊகத்தையும் கலவாமல் வைப்பதற்கு இது நிகரானது. பழைய நூல்களுக்கு வேறொரு துணையும் உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களுக்குக் காலாண்டுதோறும் அரசு பட்டியல் வெளியிட்டு வந்தது. நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், வெளியான நாள், பக்கம், பதிப்பு, விலை என்பவற்றோடு எத்தனை பிரதி அச்சிடப்பட்டது என்பதும் அதில் பதிவாயிற்று. அரசு அதனைச் செய்தது இலக்கியப் பற்றினால் அன்று, கண்காணிப்புக்காக. ஆயினும் துப்பறியும் நாவல்களைத் துப்பறிவதற்கு ஆங்கில அரசின் கண்காணிப்பே இன்று பயன்படுகிறது.

பொருள்வகையால் அடுக்குவோம் என்று எண்ணுவோர் வகைப்பாட்டு எண்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டா. டூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதை அனைத்தும் 894.8113 என்னும் ஒரே எண்ணின் கீழ் வந்து குவியும். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு இதனினும் நுட்பமானது. மொழி, இலக்கிய வடிவம், அதன்பின் ஆசிரியர் என அது செல்லும். ஆசிரியரை அவர் பிறந்த ஆண்டால் சுட்டும். ஷேக்ஸ்பியருக்கு இது எளிது. புனைபெயரின் பின்னே இயற்பெயரும் தெரியாமல் நிற்கும் மாத நாவலாசிரியருக்குப் பிறந்த ஆண்டை எங்கே தேடுவது? மேதை வகுத்த வாய்க்காலில் நீர் விட, நீரின் ஊற்று முதலில் தெரியவேண்டும்.

களம் என்னும் உறுப்பே இப்பட்டியல்களில் பெரிதும் விடுபடுவது. பழங்காலத்தில் நூல் அரங்கேறிய அவையைக் குறித்த சொல் அது. துப்பறியும் நாவலுக்கு அரங்கேற்றக் களம் இதழே. துப்பறியும் சாம்பு 1942இல் ஆனந்த விகடனில் வரத் தொடங்கினான். சுஜாதாவின் நைலான் கயிறு 1968இல் குமுதத்தில் தொடர்ந்தது. வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து வீட்டார் பைண்டு செய்து வைத்த தொகுப்புகளில் ஓவியங்கள் இருக்கும், அத்தியாயம் எங்கே அறுந்து 'தொடரும்' என நின்றது என்பதும் இருக்கும். பின்வந்த நூற்பதிப்பில் இவை இருப்பதில்லை. ஆகவே பைண்டு தொகுப்பை 'நூல் இருக்கிறதே, இது எதற்கு' என்று ஒதுக்குதல் கூடாது.

மாத நாவலில் இச்சிக்கல் முற்றி நிற்கிறது. மாலைமதி, ராணிமுத்து போன்றவை பெயரால் இதழ், மாதத்தாலும் இதழ். உள்ளே இருப்பதோ ஒரு முழு நாவல். நூலகம் அதனை இதழ் எனக் கொண்டால் பட்டியலில் ஒரே வரி எழுதும்: இன்ன இதழ், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை. அவ்வொரு வரியின் அடியில் சில நூறு நாவல்களும் அவற்றின் ஆசிரியர்களும் புதையுண்டு போவர். ஆசிரியர் பெயரால் தேடுபவருக்கு ஒருவரும் கிட்டார். தமிழ்த் துப்பறியும் புனைகதையில் ஒரு தலைமுறை எழுத்தின் பெரும்பகுதி இவ்வடிவில்தான் வெளிவந்தது என்பதை எண்ணும்போது, அந்த ஒற்றை வரி எத்துணைக் கொடியது என்பது விளங்கும். எரித்தவரும் இல்லை, கிழித்தவரும் இல்லை. வரி சுருக்கமாக எழுதப்பட்டது, அவ்வளவே. ஒவ்வோர் இதழையும் நாவலாகத் தனியே பதிந்து, இதழின் பெயரையும் எண்ணையும் மாதத்தையும் உடன் எழுதினால் மட்டுமே அந்த ஆசிரியர்கள் வெளியே வருவர். வேலை பல மடங்காகும். வேறு குறுக்கு வழி இல்லை.

எத்துணை மடங்கு என்பதையும் கணக்கிட்டுச் சொல்வதே நேர்மை. ஒரு நூலைக் கையில் எடுத்து, முகப்பேடு பார்த்து, பக்கம் எண்ணி, விலையும் முகவரியும் குறித்து, குறை நோக்கி அட்டை எழுதப் பத்து நிமிடம் என்று வைத்தால், ஐயாயிரம் நூல்கள் கொண்ட சேகரிப்புக்கு எண்ணூறு மணி நேரத்திற்கு மேல் ஆகும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்குபவருக்கு ஓராண்டு கடந்துவிடும். கணிப்பொறி வந்துவிட்டதே எனலாம். கணிப்பொறி அட்டையை வரிசைப்படுத்தும்; நூலைத் திறந்து பார்க்காது. அதிலும் அவசரமுண்டு. மாத நாவல்களின் தாள் செய்தித்தாள் இனத்தது, அமிலம் மிக்கது, பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடியும். தைத்த கம்பி துருப்பிடித்து நடுப்பக்கங்களைத் தின்னும். சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே, நூல்கள் அவர் அடுக்கிய இடத்தில் இருக்கும்போதே, இப்பணி தொடங்கவேண்டும். அலமாரியில் அவர் வைத்த ஒழுங்கை எவரும் முதலில் கலைத்தலாகாது. எந்த நூலை எந்த நூலின் அருகில் வைத்தார், எங்கே வாங்கினார், எதற்காக ஒரே நாவலின் மூன்று பிரதிகளை வைத்துக்கொண்டார் என்பதெல்லாம் அவர் வாயாலன்றித் தெரியவழியில்லை. பாயிரம் கேட்கும் காரணம் என்னும் உறுப்பு இதுதான். இதை எழுதிக்கொண்ட பின்னரே துடைப்பத்தையும் எண் முத்திரையையும் எடுக்கவேண்டும்.

கேட்போர் யாவர் என்பதற்கும் பிரதியே விடை சொல்லும். வாடகை நூல்நிலையத்தின் நீல முத்திரை, நாள் குறித்த சீட்டு, உரிமையாளர் கையொப்பம், ஓரத்தில் யாரோ எழுதிய 'பிரமாதம்', மளிகைக் கணக்கு எல்லாம் வாசகர் விட்டுச்சென்ற தடங்கள். முப்பதாம் பக்கத்திலேயே ஒரு பெயரைச் சுற்றி வட்டமிட்டு 'இவன்தான்' என்று எழுதிவைத்த புண்ணியவான்களும் உண்டு. அடுத்து வாசிப்பவருக்கு அது பெருங்கொடுமை. பட்டியலாளருக்கோ ஒருவர் இந்நூலை முடிவுவரை வாசித்தார் என்பதற்கு அதைவிட உறுதியான ஆதாரம் இல்லை. இவற்றை அழிப்பானால் துடைப்பவர் நூலைத் தூய்மை செய்யவில்லை, வாசகரைத் துடைக்கிறார்.

பட்டியலாளரையே துப்பறிவாளர் என்று பாராட்டுவது எளிது. மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஒப்புமை முழுதும் பொருந்தாது. சங்கர்லால் தேநீர் அருந்தி முடித்துக் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியைக் காட்டிவிடுவார். பட்டியலாளர் பலமுறை கேள்விக்குறியோடுதான் அட்டையை முடிப்பார்.

குறைப்பிரதிகளைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. துப்பறியும் நாவல்களில் பெரிதும் கிழிவது இறுதிப் பக்கங்களே. பலர் கைபட்ட நூலின் முதலும் முடிவும் முதலில் உதிரும் என்பது ஒரு காரணம். முடிவைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவர்கள் விரல் மற்றொரு காரணம். கொலையாளி யாரென்று தெரியாத துப்பறியும் நாவலை வைத்து என்ன செய்வது என்று பெட்டியிலிருந்து தள்ளிவிடத் தோன்றும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பின்வரும் பாடல்களை முன்னே இழுத்து எண்ணை நிரப்பாமல் அவ்விடங்களை வெற்றிடமாகவே விட்டுப் பதிப்பித்தனர். துப்பறியும் நாவலின் அட்டையிலும் அவ்வாறே எழுதலாம்: பக்கம் 1 முதல் 184 வரை உள்ளன, இறுதி இல்லை, அட்டை இல்லை, விலை ஆறு அணா, ஆண்டு [1957க்கு முன்]. அப்பட்டியல் மற்றொரு சேகரிப்பாளர் கைக்குப் போகும். அவர் தம் பரணில் ஏறி, முகப்பேடு கிழிந்த, பெயர் தெரியாத, ஆனால் 185ஆம் பக்கம் உள்ள ஒரு பிரதியை இறக்கித் தூசி தட்டிப் பார்க்கக் கூடும்.